மேற்கே போன பை

வியாழக்கிழமை காலை அம்பிகைபாகன் அந்தச் சிவப்புப் பையை ஏழாவது தடவையாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, கமலாசனி சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து அவருடைய மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

“நாளைக்கு என்ன கிழமை?”

“வெள்ளி. அதுக்கென்ன?”

“வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். நாங்கள் போறது எந்தப் பக்கம்?”

அம்பிகைபாகன் நில அளவைத் திணைக்களத்தில் தலைமைப் படவரைஞர். திசையைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் துல்லியமாகப் பதில் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது.

“கண்டியில இருந்து கட்டுநாயக்கா மேற்கு. கொஞ்சம் தெற்குச் சாய்வு.”

“சாய்வு கீய்வு ஒண்டும் வேண்டாம். சூலத்துக்கு நேர போனால் பயணம் உருப்படாது. போன சித்திரையில என்ன நடந்தது?”

போன சித்திரையில் நடந்ததை அம்பிகைபாகன் நினைக்க விரும்புவதில்லை. இதே திருச்சிப் பயணம்தான், இதே பத்து நாள் விடுமுறைதான். விடியப்புறம் புறப்பட்டு நிட்டம்புவை வரைக்கும் போன பிறகுதான், கடவுச்சீட்டு இரண்டும் வீட்டில் அலுமாரிக்கு மேலே கிடப்பது தெரிந்தது. கடைசியாக ஒருமுறை சரிபார்ப்பதற்காக யாரோ அவற்றைப் பையிலிருந்து வெளியே எடுத்திருந்தார்கள். அந்த யாரோ தான்தான் என்பதற்கு நேரில் கண்ட சாட்சி இல்லை என்பது அம்பிகைபாகனின் வாதம். வீட்டில் இருந்தவர்களோ இரண்டே பேர்.

அதன்பிறகு கமலாசனி பதினொரு நாள் அவரோடு பேசவில்லை. பேசாமல் இருந்ததில் நியாயமும் உண்டு. கல்யாணம் முடித்த இருபத்தாறு வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே பயணம் அது. எழுபத்தேழில் கலவரம், எண்பத்து மூன்றில் கலவரம், பிறகு ஓயாத சண்டை என்று ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று குறுக்கே வந்தது. ஒன்றுமே குறுக்கே வராத ஒரு வருடத்தில் அலுமாரி குறுக்கே வந்தது. இந்த முறையும் தவறினால் பயணம் என்ற சொல்லையே இனி இந்த வீட்டில் எடுக்கக்கூடாது என்று அவள் சொல்லியிருந்தாள். அதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. சட்டியைக் கழுவிக்கொண்டே மெதுவாகச் சொன்னதுதான் அம்பிகைபாகனைப் போட்டு வாட்டியது.

ஆகவே இம்முறை அவர் பயணத்தைப் படமாகவே வரைந்துவிட்டார். கண்டி முதல் கட்டுநாயக்கா விமான நிலையம் வரை அளவுத்திட்டத்தோடு ஒரு வரைபடம். சோதனைச் சாவடி ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்பு முக்கோணம். முக்கோணம் ஒன்றுக்கு எட்டு நிமிடம். விமானம் பதினொன்றரைக்கு. எழும்புவது நாலு பத்து, கதவைப் பூட்டுவது நாலு ஐம்பத்தெட்டு, வான் புறப்படுவது ஐந்து, விமான நிலையம் எட்டரை. இதில் மூன்று பிரதிகள்: ஒன்று சுவரில், ஒன்று சட்டைப்பையில், ஒன்று வான் சாரதி ராஜலிங்கத்திடம். பையில் இருக்கும் முப்பத்தொரு சாமான்களுக்கும் ஆங்கிலத் தட்டச்சில் ஒரு பட்டியல் வேறு, அதிலும் மூன்று பிரதி.

“சூலமாவது வேலாவது. படிச்ச ஒரு ரீச்சர் பேசிற கதையே இது?” என்றார் பகுத்தறிவுவாதியான அம்பிகைபாகன்.

“அதுக்கு வழி இருக்கு. பயணப் பையை முதல் நாளே நல்ல நேரத்தில மேற்கே இருக்கிற ஒரு வீட்டுக்கு அனுப்பிப்போட்டால், பயணம் இண்டைக்கே தொடங்கினதாக் கணக்கு. பிறகு சூலம் ஒண்டும் செய்யாது.”

“சரி, உம்மட சீலை ரெண்டை ஒரு பையில போட்டு அனுப்பும்.”

“வெறும் சீலையை அனுப்பினால் சீலைதான் திருச்சிக்குப் போகும். பயணத்துக்கு எது முக்கியமோ அதுதான் போகவேணும். பாஸ்போட்டும் டிக்கட்டும் இருக்கிற இந்தப் பைதான். போன பை திரும்ப வீட்டுக்கு வரக்கூடாது. மேற்காலதான் நகரலாம். விடியுமட்டும் பயணக்காரர் கை அதில படக்கூடாது.”

அம்பிகைபாகன் வாயைத் திறந்தார். அலுமாரி ஞாபகத்துக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

பத்து முப்பத்திரண்டுக்கு றலியா ரீச்சர் வந்து பையைத் தூக்கிக்கொண்டு போனாள். கமலாசனி படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில்தான் அவளும் படிப்பிக்கிறாள். மேற்குப் பக்கமாக இரண்டு வீடு தள்ளி அவள் வீடு.

பை இல்லாத வீட்டில் அம்பிகைபாகனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பத்து ஐம்பதுக்குப் பேப்பர் இரவல் கேட்கும் சாக்கில் போய் எட்டிப் பார்த்தார். பை றலியாவின் வீட்டு முன்கூடத்தில் கதிரையொன்றில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

“சிப்பு சரியாப் பூட்டியிருக்கோ எண்டு ஒருக்காப் பார்க்கட்டே?”

“ஐயோ சேர், தொட வாணாம்! உங்கட கை படப்படாதுன்னு கமலா டீச்சர் செல்லித்தான் தந்தாங்க.”

வீட்டுக்கு வந்து அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். கடவுச்சீட்டுப் பிரதிகளைப் பையின் உள்ளறையில் வைத்தோமா, வெளியறையில் வைத்தோமா என்று ஒரு சந்தேகம் வந்தது. உள்ளறைதான் என்று தெரியும். என்றாலும் தெரிவது வேறு, பார்ப்பது வேறு. “பேப்பரைக் குடுத்திட்டு வாறன்” என்று கமலாசனியிடம் சொல்லிவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

இந்தத் தடவை றலியா வாசலில் நின்று கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். கதிரை காலியாக இருப்பது ஜன்னல் வழியே தெரிந்தது.

“பை எங்க?”

“நாநா இப்பத்தான் வந்து கொண்டு போனார் சேர். நான் அக்குறணைக்கு உம்மாவப் பாக்கப் போறேன். ஆளில்லாத ஊட்டில பைய வெச்சிட்டுப் போக ஏலுமா, இந்தக் காலத்தில? நாநாட கடை பிலிமத்தலாவையில. அதுவும் மேற்குத்தானே?”

மேற்குத்தான். இதை மறுக்க ஒரு படவரைஞரால் முடியவில்லை.

அவர் ஓடிவந்து செய்தியைச் சொன்னபோது கமலாசனி மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

“பிலிமத்தலாவையோ? நல்லதாப் போச்சு. நாளைக்குப் போற வழிதானே, எடுத்துக்கொண்டு போவம்.”

“அதில எங்கட பாஸ்போட் கிடக்கப்பா!”

“பாஸ்போட் இல்லாமல் வேறை என்னத்தை அனுப்பச் சொல்லுறீங்கள்?”

வீட்டு டெலிபோனில் பேசினால் கமலாசனிக்குக் கேட்டுவிடும் என்பதால், சவர பிளேட் வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு அம்பிகைபாகன் சந்தி டெலிபோன் கடைக்குப் போனார். றலியா நாநா என்று சொன்ன அவள் அண்ணன் சாஹுல் ஹமீதுக்குப் பிலிமத்தலாவையில் பித்தளைக் கடை. முதல் தடவை எடுத்தபோது, “பை பத்திரமா ஈக்கி சேர்” என்றார் ஹமீது. பத்து நிமிடம் கழித்து எடுத்தபோது, “இன்னும் பத்திரமாத்தான் ஈக்கி” என்றார். மூன்றாவது தடவை எடுத்தபோது ஹமீது லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். டெலிபோனை எடுத்தவர் அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த கணக்கப்பிள்ளை. பையின் வரலாறு அவருக்குத் தெரியாது.

அவசரத்தில் இருந்த அம்பிகைபாகன் தான் யார் என்பதைச் சொல்லவில்லை. தன் கவலைகளை மட்டும் சொன்னார்.

“இஞ்சை கேளுங்கோ. சிவப்புப் பை ஒண்டு கடையில இருக்குதல்லோ? ஆக்கள் புழங்காத மூலையில வையுங்கோ. ஆட்டப்படாது. வெயில் படப்படாது. ஒருதரும் திறக்கப்படாது. நாளைக்கு விடிய அஞ்சு இருபத்தைஞ்சு மட்டும் அப்பிடியே இருந்தால் காணும்.”

மறுமுனையில் டெலிபோன் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு யாரோ கத்துகிற சத்தம். பிறகு ஏராளமான பித்தளை உருளுகிற சத்தம்.

அது தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு. பஸ்ஸில் ஒரு மரக்கறிப் பை தனியாகக் கிடந்தாலே குண்டென்று ஆட்கள் ஜன்னலால் குதித்த காலம். கணக்கப்பிள்ளை மூலையில் இருந்த பையருகே போய்க் காதைக் கொடுத்தார். பட்டியலில் இருபத்திரண்டாவது சாமான் ஓர் அலாரம் மணிக்கூடு. வெளிநாட்டு மணிக்கூடுகளை நம்பாத அம்பிகைபாகன் அதற்கு நன்றாகச் சாவியும் கொடுத்து வைத்திருந்தார்.

மூன்றாவது அழைப்பு அப்படி அறுந்துபோனதும் அவர் பஸ் ஏறிவிட்டார். பிலிமத்தலாவைக்கு அரை மைல் முன்னாலேயே பஸ் நின்றது. அதற்கு முன்னால் இருபது பஸ் நின்றது. கொழும்பு வீதியே இரண்டு பக்கமும் அடைபட்டுக் கிடந்தது. இறங்கி நடந்தார். கடைகளெல்லாம் மூடியிருந்தன. சனம் தூரத்தில் கயிற்றுக்கு அப்பால் நின்று எட்டிப் பார்த்தது. நடு வீதியில், சுற்றிவர மணல் மூட்டை அடுக்கி, அதன் நடுவே ராசா மாதிரி இருந்தது அவருடைய சிவப்புப் பை. கைபிடியில் கமலாசனி கட்டிய பச்சை நாடா காற்றில் ஆடியது.

“அது என்ட பை!” என்று அம்பிகைபாகன் கத்தினார்.

சொல்லி முடித்த பிறகுதான், சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுவல்ல என்பது விளங்கியது. அவரைச் சுற்றி நின்ற நாற்பது பேர் ஒரே நொடியில் விலகினார்கள். நாலு துப்பாக்கி அவர் பக்கம் திரும்பியது. அம்பிகைபாகன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தினார். பயந்துதான் போனார், அதை மறைக்க ஒன்றுமில்லை.

மீசை வைத்த ஒரு சார்ஜன்ட் முன்னால் வந்தார். பேச்சு சிங்களத்தில் நடந்தது.

“பைக்குள்ளே என்ன?”

இந்தக் கேள்விக்காகத்தான் அம்பிகைபாகன் பிறவி எடுத்திருந்தார். உயர்த்திய கைகளை இறக்காமலே, “சட்டைப்பையில் பட்டியல் இருக்கிறது மாத்தயா. மூன்று பிரதி” என்றார்.

சார்ஜன்ட் பட்டியலை இழுத்தெடுத்தார். மேலிருந்து கீழே படித்தார். இருபத்திரண்டாவது வரியில் நின்று ஒரு பெருமூச்சு விட்டார்.

“நீயே போய்த் திற. ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டு.”

இப்படியாகப் பிலிமத்தலாவைச் சனம் முழுவதும் பார்த்திருக்க, அம்பிகைபாகன் முப்பத்தொரு சாமான்களையும் ஒவ்வொன்றாக உயர்த்திக் காட்டினார். பட்டுச் சீலைக்குப் பெண்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. உள்பாவாடைக்கு எல்லோரும் சிரித்தார்கள். பருத்தித்துறை வடை டின்னை சார்ஜன்ட் தனியே எடுத்து வைத்துக்கொண்டார். மணிக்கூடு வெளியே வந்தபோது கைதட்டலே கிடைத்தது.

“சரி, பையை ஏன் யாரோ ஒருவர் கடையில் வைத்தாய்?”

சூலத்தைச் சிங்களத்தில் விளக்குவது எப்படி? பாவம், தமிழிலேயே நம்பாத ஒன்றை அவர் வியர்க்க வியர்க்க விளக்கினார். கெட்ட திசை, முதல் நாளே அனுப்பும் பை, திரும்பி வரக்கூடாத வீடு. கேட்டுக்கொண்டிருந்த சார்ஜன்டின் முகம் மெல்ல மெல்ல மாறியது.

“அட, எங்களுக்கும் பஞ்சாங்கத்தில் ஆகாத திசை உண்டே. என் மனைவியும் இதே ஆள்தான்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆனால் இந்தப் பையைக் கண்டிப் பக்கம் கொண்டு போகாதே. சிவப்புப் பை என்று அந்தப் பக்கச் சாவடி எல்லாவற்றுக்கும் செய்தி போய்விட்டது. முக்கோணத்துக்கு முக்கோணம் இதே கூத்தை ஆடவேண்டி வரும்.” வரைபடத்தையும் அவர் பார்த்துவிட்டார் போலும்.

அந்த நேரம் பார்த்து, அடைபட்ட வாகன வரிசையிலிருந்து ராஜலிங்கம் இறங்கி ஓடி வந்தார். சாரதிகள் எல்லோரும் மாட்டிக்கொண்ட இடத்தில் அவரும் மாட்டிக்கொண்டிருந்தது அதிசயமில்லை. அவருக்கு வீடு கடுகண்ணாவையில், அதாவது இன்னும் கொஞ்சம் மேற்கே.

“குடுங்கய்யா, நான் வீட்டுல வச்சிருக்கேன். காலையில அஞ்சு மணிக்கு உங்களை ஏத்திக்கிட்டு வர்றப்ப, வழியில எடுத்துக்கலாம். நீங்க எதுக்கு இதைத் தூக்கிக்கிட்டு அலையுறீங்க?”

அம்பிகைபாகனுக்குக் கொடுக்க மனமில்லை. ஆனால் வேறு வழியும் இல்லை. பையைக் கட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

நாலு மணிக்குத் தேத்தண்ணீர் குடிக்கும்போது சந்தேகம் ஆரம்பித்தது. சாமான்களைத் திரும்ப அடுக்கியபோது முப்பதுதான் எண்ணியதாக ஞாபகம். வடை டின் ஒன்று குறைந்தது சரி. ஆனால் கடவுச்சீட்டுகளை சார்ஜன்ட் கையில் வைத்துக்கொண்டு பேசினாரே, அதைத் திரும்பத் தந்தாரா? தந்தார். நிச்சயமாகத் தந்தார். தந்த மாதிரித்தான் இருந்தது. ஒருவேளை தராவிட்டால்?

“நான் கோயிலுக்கு ஒருக்காப் போட்டு வாறன்” என்றார்.

இருபத்தாறு வருடத்தில் அவர் வாயால் கோயில் என்ற சொல்லைக் கேட்டிராத கமலாசனி, “ஓம், போட்டு வாங்கோ. அருச்சனையும் செய்யுங்கோ” என்றாள்.

கடுகண்ணாவையில் ராஜலிங்கத்தின் மனைவி பாலம்மா வாசலிலேயே அவரை வரவேற்றாள்.

“வாங்கய்யா, உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?”

“பை?”

“பையா? அது இப்பத்தான் போச்சுங்க. எங்கண்ணன் லொறி கொழும்புக்குப் போச்சு. அதுல ஏத்தி வரக்காப்பொலையில இறக்கச் சொல்லிட்டோம். அங்க எங்க அண்ணி வீடு இருக்கு. மேக்கால போனா நல்லதுதானுங்களே?”

அம்பிகைபாகன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். வரக்காப்பொலைக்குப் போனால் திரும்பி வர பஸ் கிடையாது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. பையை நினைத்தல்ல. சட்டியைக் கழுவிக்கொண்டே மெதுவாகப் பேசின கமலாசனியை நினைத்து.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டார். டெலிபோன், மணல் மூட்டை, உள்பாவாடை, சார்ஜன்ட், கோயிலுக்குப் போகாதது வரை. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் சோற்றைப் போட்டு, கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றினாள்.

“சாப்பிட்டிட்டுப் படுங்கோ. இனிப் பார்க்கிறதுக்கு ஒண்டும் இல்லையே.”

உண்மைதான். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. திறப்பதற்குப் பை இல்லை, எண்ணுவதற்குச் சாமான் இல்லை. தன் வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு பயணத்துக்கு முந்தின இரவில் அம்பிகைபாகன் அடித்துப் போட்டாற்போல் தூங்கினார். அலாரம் மணிக்கூடு வரக்காப்பொலையில் இருந்தபடியால் நாலு பத்துக்குக் கமலாசனிதான் தட்டி எழுப்பினாள்.

நாலு ஐம்பத்தெட்டுக்குக் கதவு பூட்டியாயிற்று. ஐந்துக்கு வான் புறப்பட்டது. அவர்கள் வீட்டுச் சரித்திரத்தில் போட்ட திட்டப்படி ஒரு வாகனம் புறப்பட்டது அன்றைக்குத்தான். பேராதனைப் பாலத்தில் பனி கிடந்தது. பிலிமத்தலாவைச் சாவடியில் நின்ற ஆள், “சூலமா?” என்று சிரித்துக்கொண்டே கையைக் காட்டி அனுப்பினான். வரக்காப்பொலையில் பாலம்மாவின் அண்ணி பையோடு வீதியிலேயே நின்றாள்.

கமலாசனி பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பொழுது விடிந்துவிட்டபடியால் அம்பிகைபாகன் தொடலாம் என்று அனுமதி கிடைத்தது. சிப்பைத் திறந்தார். கடவுச்சீட்டு இரண்டு, டிக்கட் இரண்டு, பிரதிகள் உள்ளறையில். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. ஒருதரம் பார்த்தார், மூடினார். அதற்குமேல் பார்க்க அவள் விடவில்லை.

நிட்டம்புவை வந்தது. நிட்டம்புவை போனது. கமலாசனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்ததை அம்பிகைபாகன் கண்டும் காணாதவராக இருந்தார்.

எட்டு இருபத்தேழுக்கு விமான நிலையம். திட்டத்துக்கு மூன்று நிமிடம் முன்னாலே! அம்பிகைபாகன் வானிலிருந்து இறங்கி, கிழக்கே ஏறிவந்த சூரியனைப் பார்த்து, யாரும் கேட்காமலே இரண்டு கையையும் கூப்பினார். முப்பது வருடப் பகுத்தறிவு அந்த இடத்தில் சரிந்து விழுந்தது.

“கமலா, நான் இதுவரைக்கும் உம்மைப் பகிடி பண்ணினது பிழை. அந்தப் பை என்னை விட்டு ஓடினதைப் பார்த்தீரே? நான் கிட்டப் போகப் போக அது மேற்கே மேற்கே போச்சு. மனுசர் செய்யிற காரியம் இல்லை அது. ஏதோ ஒரு சக்தி இருக்கு. இனி எங்க போறதெண்டாலும் சூலம் பாக்காமல் நான் வெளிக்கிட மாட்டன்.”

கமலாசனி நிலத்தைப் பார்த்தாள். பெட்டிகளை இறக்கி வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்த ராஜலிங்கம், வியர்வையைத் துடைத்தபடி அவள் பக்கம் திரும்பினார்.

“அம்மா, திரும்பி வர்றப்பவும் சூலம்னு சொல்றதா இருந்தா எனக்கு ஒரு நாள் முன்னாடியே சொல்லிருங்க, ‘ஐயா கிளம்பிட்டார், பையை நகத்துங்க’ன்னு நீங்க போன் பண்ணினதும் உடனே லொறி தேடுறது லேசுப்பட்ட வேலை இல்லீங்க.”